ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சொல்

சின்னப் பிள்ளைக்கு மலசலம் கழிக்கப் பழக்குதல்: பெற்றோருக்கான பாடம்



பிள்ளைக்கு மலசலம் கழிக்கப் பழக்குவதற்கு ஒரு பாடம் வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். எங்கள் அம்மாவும் அப்பாயியும் எந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எங்களைப் பழக்கினார்கள் என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சொந்தக் காம்பராவும் வாசலும் பக்கத்தில் ஒரு பாட்டியும் இருக்கும்வரை இந்தப் பழக்கம் தானாக வந்துவிடுவது போலத்தான் தோன்றும். ஓர் இரவில் வீட்டை விட்டு வெளியேறி, பல குடும்பங்களோடு ஒரே மண்டபத்தில் படுக்க நேரும்போதுதான், அது தானாக வந்ததல்ல, யாரோ ஒருவர் பொறுமையோடு கற்றுக்கொடுத்தது என்பது விளங்கும்.

மலையகத்தில் இப்படி வெளியேறுவது புதிய அனுபவம் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருப்பிடத்தை விட்டு ஓட நேர்ந்தது. லயத்தில் இருந்தவர்களும், ஒரு துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட் போட்டுப் பிழைத்தவர்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தார்கள்.

நாம் செய்த பிழை

டிக்கோயாப் பகுதியில் மண்சரிவு அபாயத்தால் வெளியேறியவர்கள் ஒரு பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்த காலத்தில் நாம் அங்கே போய் வந்தோம். எமது கையில் ஒரு பட்டியல் இருந்தது. அரிசி, பருப்பு, பாய், கம்பளி, சவர்க்காரம் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதியிருந்தோம். நடை பழகிய பிள்ளைகள் எங்கே ‘வெளிக்கு’ப் போகிறார்கள் என்று நாமும் கேட்கவில்லை, எம்மோடு வந்தவர்களும் கேட்கவில்லை. பட்டியலில் பிள்ளைகள் உட்காரும் பிளாஸ்டிக் சட்டி ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் நாள் மாலையில் மண்டபத்தின் மூலையில் ஒரு தாய் தன் மகளை அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பவில்லை. பாயை நனைத்துவிட்டாளாம். பக்கத்துப் பாய்க்காரர்கள் முகம் சுளித்திருக்கிறார்கள். அந்த வெட்கம் தாயின் கையில் ஏறிவிட்டது. “லயத்துல இருந்தப்ப ஒழுங்கா சொல்லிப் போன புள்ளதான் சாமி. இங்க வந்து நம்ம மானத்தை வாங்குது” என்றார். விசாரித்தபோது இன்னொன்றும் தெரிய வந்தது. பிள்ளை ஐந்து நாட்களாக மலம் கழிக்கவில்லை. பாடசாலைக் கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே காலை உதைத்து அழுகிறாள்.

அடுத்த பாயில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து வந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு மண்டபத்தின் பின்புறம் போனார். தாளை விரித்து, தரையில் அமர்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, தன் பாதங்களின்மேல் பிள்ளையை முகம் பார்க்க உட்கார வைத்தார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஏசவும் இல்லை. மறுநாள் காலையில் சுடுநீர் ஆற்றிக் கொடுத்து, பழுத்த பப்பாசித் துண்டு ஊட்டி, மறுபடியும் அதே இடத்தில் அப்படியே உட்கார வைத்தார். “ஆய் வருதா கண்ணு?” என்று மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று பிள்ளை மலம் கழித்தாள். அந்த அம்மா எம்மைப் பார்த்துச் சொன்னார்: “அது பழகுனது காலு மேல சாமி. இந்தப் பெரிய ஓட்டையக் கண்டா பயப்படாம என்ன செய்யும்?”

நாம் பல வருடங்கள் படித்தும் அறியாத பாடத்தை அவர் இரண்டு நாளில் நடத்திக் காட்டினார். அவர் செய்ததை ஆராய்ந்தால் அதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சொல். இந்த மூன்றும் இருந்தால் பிள்ளை பழகும். இடம்பெயர்வு இந்த மூன்றையும் ஒரே நாளில் பறித்துவிடுகிறது. அவற்றைத் திரும்பக் கொடுப்பதே பெற்றோரின் வேலை.

எந்த வயதில் தொடங்குவது?

பிறந்த குழந்தை நினைத்து மலசலம் கழிப்பதில்லை. உள்ளே நிறைந்தவுடன் தானாக வெளியேறுகிறது. அடக்கி வைக்கும் தசைகளுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு பலப்பட ஏறக்குறைய ஒன்றரை வயதாகிறது. அதன் பின்னரே ‘வருகிறது’ என்பதை உணர்ந்து, சற்று அடக்கி, உரிய இடத்துக்குப் போகும் ஆற்றல் படிப்படியாக வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் மூன்றரை வயதுக்கும் இடையில் பகல் நேரத்தில் பழகிவிடுவார்கள். இரவில் நனையாமல் இருப்பதற்கு மேலும் காலம் எடுக்கும். ஐந்து வயதுப் பிள்ளை சில இரவுகளில் பாயை நனைப்பது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல.

அப்படியானால் நமது தாய்மார் சில மாதக் குழந்தையையே காலில் உட்கார வைப்பது தவறா? தவறில்லை, நல்ல பழக்கம். ஆனால் அந்த வயதில் கற்றுக்கொள்பவர் பிள்ளை மட்டுமல்ல, தாயும்தான். குழந்தை முகம் சிவப்பதையும் முக்குவதையும் அவர் கவனித்து, தக்க நேரத்தில் காலில் வைக்கிறார். பிள்ளை தானே சொல்லும் காலம் பின்னால்தான் வரும். எனவே ஒரு வயதுப் பிள்ளை ‘சொல்லவில்லை’ என்று அடிப்பது, நடக்கத் தெரியாத பிள்ளையை ஓடவில்லை என்று அடிப்பதற்குச் சமம்.

பிள்ளை ஆயத்தமாகிவிட்டதற்குச் சில அடையாளங்கள் உண்டு:

1. இரண்டு மணித்தியாலம் வரை நனையாமல் இருத்தல்.
2. மலம் கழிக்குமுன் கதவுக்குப் பின்னால் ஒதுங்குதல், குந்துதல், ஆடையைப் பிடித்து இழுத்தல்.
3. ‘அதை எடுத்து வா’ என்பது போன்ற சிறு சொல்லைக் கேட்டு நடத்தல்.
4. தானே குந்தி எழும்புதல்.
5. நனைந்தவுடன் அதை விரும்பாமல் தாயிடம் வந்து காட்டுதல்.

இவை வயதைப் பார்த்து வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட வேண்டாம்.

ஒரே இடம்

மண்டபத்திலோ கூடாரத்திலோ இருந்தாலும் பிள்ளைக்கென்று ஓர் இடத்தைத் தெரிந்தெடுங்கள். சட்டி இருந்தால் அதை எப்போதும் ஒரே மூலையில் வையுங்கள். ஒரு சீலையைக் கட்டி மறைத்தால் நல்லது. பிள்ளைக்கும் கூச்சம் உண்டு. சட்டி கிடைக்காவிட்டால் அகலமான பழைய பேசின் ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் தாயின் கால் இருக்கிறது. தாய் எங்கே போனாலும் அந்தக் கால் கூடவே வரும். நம் முன்னோர் கண்ட இருக்கைகளில் இதைவிட மலிவானது வேறில்லை.

பெரியவர்களின் கக்கூஸ் பிள்ளைக்குப் பயம் தரும். குழி இருட்டாகவும் ஆழமாகவும் இருக்கிறது. கால் வைக்கும் இடங்கள் தூரமாக இருப்பதால் விழுந்துவிடுவோம் என்று நினைக்கும். முதலில் சட்டியிலோ காலிலோ பழக்கி, பின்னர் பகல் வெளிச்சத்தில் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று காட்டுங்கள். பயம் தெளிந்த பிறகு பயன்படுத்தப் பழக்கலாம்.

முகாமில் தற்காலிகக் கக்கூஸ் கட்டும்போது பிள்ளைகளுக்கென்று ஒன்று கட்டும்படி கேளுங்கள். துளை அரைச் சாணுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். கால் வைக்கும் பலகை நெருக்கமாகவும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பும், மேலே வெளிச்சமும் இருக்க வேண்டும். கதவு அவசியமில்லை. தாய் நிற்க இடம் இருக்க வேண்டும். இருபது பேருக்கு ஒரு கக்கூஸ் என்பதும், கக்கூஸ் குழி தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அனர்த்த உதவியில் உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு. நமது மலைச் சரிவுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழி எப்போதும் பீலிக்குக் கீழ்ப்பக்கமாகவே இருக்க வேண்டும், மேற்பக்கமாக ஒருபோதும் கூடாது.

ஒரே நேரம்

சாப்பாடு இரைப்பைக்குள் போனதும் பெருங்குடல் அசையத் தொடங்குகிறது. இது உடம்பின் இயல்பு. எனவே காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பிள்ளையை உட்கார வைப்பதே சிறந்த நேரம். தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்ட பின், படுக்குமுன் என்று நாளுக்கு மூன்று நான்கு முறை போதும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வராவிட்டால் எழுப்பி விடுங்கள். ‘வரும்வரை எழும்பக் கூடாது’ என்று கட்டாயப்படுத்தினால் அந்த இடமே பிள்ளைக்குத் தண்டனைக் கூடமாகிவிடும்.

இடம்பெயர்ந்த வாழ்க்கையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று மண்டபம், நாளை கூடாரம், அடுத்த மாதம் உறவினர் வீடு. ஆனால் நேரத்தை எங்கும் கொண்டு போகலாம். கையில் எதுவும் மிஞ்சாத வேளையிலும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் அந்த ஐந்து நிமிடத்தை அம்மாவோ அப்பாவோ பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அப்பாவோ என்று வேண்டுமென்றே சொல்கிறோம். தண்ணீர் பிடிக்கவும் நிவாரண வரிசையில் நிற்கவும் பெண்கள் போகும்போது பிள்ளையை உட்கார வைப்பது ஆண்மைக்குக் குறைவல்ல.

ஒரே சொல்

சில வீடுகளில் ‘ஆய்’ என்பார்கள், சில வீடுகளில் ‘கக்கா’ என்பார்கள், சிலர் ‘வெளிக்கு’ என்பார்கள். எந்தச் சொல்லானாலும் சரி, ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அம்மா ஒன்றும் அப்பாயி வேறொன்றும் பிள்ளைக் காம்பரா ஆயா இன்னொன்றும் சொன்னால் பிள்ளை குழம்பும். தாய் கொழுந்து எடுக்க மலைக்குப் போனபின் பிள்ளை நாள் முழுவதும் ஆயாவிடம்தான் இருக்கிறது. ஆகவே புதிய இடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முதல் நாளிலேயே ஆயாவிடம் மூன்றைச் சொல்லுங்கள்: எங்கள் பிள்ளை என்ன சொல் சொல்லும், எந்த நேரத்தில் போகும், எதில் உட்கார்ந்து பழகியது.

அந்தச் சொல்லை ‘சீ’, ‘நாத்தம்’ என்ற முகச் சுளிப்போடு சேர்க்க வேண்டாம். தன் உடம்பிலிருந்து வருவது வெட்கப்பட வேண்டியது என்று நினைக்கும் பிள்ளை, வருவதைச் சொல்லாமல் மறைக்கத் தொடங்கும். சொன்னால் பாராட்டுங்கள். தவறினால் துடைத்துவிட்டு, ‘அடுத்த முறை அம்மாகிட்ட சொல்லு’ என்று மட்டும் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும்போது முன்பக்கமிருந்து பின்பக்கமாகக் கழுவிவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம். மலத்திலுள்ள கிருமி சிறுநீர் வாசலுக்குப் போகாமல் இருக்கும். இரவில் பிள்ளையைக் கக்கூசுக்குக் கூட்டிச் செல்பவர் யார் என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். பலரும் வந்துபோகும் இடத்தில் முன்பின் அறியாதவரிடம் பிள்ளையை விட வேண்டாம்.

பழகிய பிள்ளை மறந்துவிட்டதா?

மண் சரியும் சத்தத்தைக் கேட்ட பிள்ளை, நள்ளிரவில் மழையில் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளை, நாய்க்குட்டியை விட்டுவிட்டு வந்த பிள்ளை தன் துக்கத்தை நம்மைப் போல் பேசித் தீர்க்க முடியாது. அது பாயை நனைக்கும். விரல் சூப்பும். தாயின் சேலையை விடாது. கற்ற பழக்கம் சில வாரங்களுக்குப் பின்வாங்குவது உலகெங்கும் அனர்த்தத்தில் அகப்பட்ட பிள்ளைகளிடம் காணப்படுவதே. அடித்தால் பயம் இரட்டிப்பாகும். பழக்கம் இன்னும் பின்னால் போகும். பிள்ளை பாதுகாப்பை உணரும்போது பழக்கம் திரும்பி வரும்.

மண்டபத்தில் பக்கத்துப் பாயில் இருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அந்தத் தாயின் கை ஓங்கியதற்கு உங்கள் முகச் சுளிப்பும் ஒரு காரணம். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தால் அவரும் பிள்ளையும் பிழைத்துக்கொள்வார்கள்.

மலத்தை அடக்கும் பிள்ளை

முகாமில் கிடைப்பது பெரும்பாலும் சோறும் பருப்பும் பிஸ்கட்டும் தேநீரும்தான். கீரையும் பழமும் தண்ணீரும் குறையும்போது மலம் இறுகிவிடும். இறுகிய மலம் போகும்போது வலிக்கும். வலித்த பிள்ளை அடுத்த முறை அடக்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும். இந்தச் சக்கரத்தை அடியால் உடைக்க முடியாது. கொதித்தாறிய நீர், பப்பாசி, கனிந்த வாழைப்பழம், பூசணி, கிடைக்கும் கீரை ஆகியவற்றைக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்கு வெறும் தேநீரைப் பழக்காதீர்கள். அது சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

உட்காரும்போது பிள்ளையின் பாதம் தரையில் பட வேண்டும். கால் தொங்கினால் முக்க முடியாது. உயரமான இருக்கையானால் காலடியில் ஒரு பலகை வையுங்கள்.

பிள்ளையின் மலம் ‘சும்மா’ அல்ல

சின்னப் பிள்ளையின் மலம் தீங்கற்றது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். லய வாசலில் ஓடும் கானில் பிள்ளையை உட்கார வைத்து, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால் முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்தத் தண்ணீர் கீழ் லயத்து வாசலால்தான் போகிறது. உண்மையில் அடிக்கடி வயிற்றோட்டமும் பூச்சியும் காண்பது பிள்ளைகளிடம்தான். அவர்களது மலத்தில் கிருமி பெரியவர்களுடையதைவிடக் குறைவாக இருக்காது. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் முட்டைகள் இடுகிறது. ஈர மண்ணில் அவை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொளுக்கிப் புழுவின் குஞ்சோ வெறும் காலின் தோலைத் துளைத்து உள்ளே போய் இரத்தத்தை உறிஞ்சும்.

இதைத் தோட்டங்கள் நூறு வருடங்களுக்கு முன்பே பட்டறிந்தன. 1916 இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப் புழுவுக்கு எதிரான வேலையைத் தொடங்கினார்கள். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் இல்லாத இடங்களில் அதே மக்களுக்கு மறுபடியும் புழு வந்தது. மருந்து மட்டும் போதாது, கக்கூஸ் வேண்டும் என்ற பாடத்தை அந்த வேலை கற்பித்தது. இன்று நமக்கும் அதே பாடம்தான். பிள்ளையின் மலத்தையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே,

1. சட்டியிலும் தாளிலும் உள்ள மலத்தைக் கக்கூஸ் குழியில் போடுங்கள். கானிலோ தேயிலைச் செடிக்கடியிலோ போட வேண்டாம்.
2. கக்கூஸ் இல்லாத முதல் நாட்களில் தண்ணீருக்குத் தூரமாகக் குழி வெட்டிப் போட்டு, சாம்பலும் மண்ணும் இட்டு மூடுங்கள்.
3. மரக்கறிப் பாத்திக்கு உரமாகும் என்று அங்கே போடாதீர்கள். கரட்டோடும் சலாது இலையோடும் புழு முட்டை திரும்ப வீட்டுக்கு வரும்.
4. சட்டியைக் கழுவிய தண்ணீரையும் குழியிலேயே ஊற்றுங்கள்.
5. பிள்ளையின் கை, கழுவிவிட்டவரின் கை இரண்டையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நிவாரணப் பொதியில் ‘பம்பர்ஸ்’ வருவதுண்டு. இரவுக்கும் நீண்ட பயணத்துக்கும் அது உதவும். ஆனால் பகல் முழுவதும் போட்டால் நனைவதைப் பிள்ளை உணராது, பழகுவதும் தாமதமாகும். பொதி நின்றபின் வாங்கப் பணமும் இராது. பாவித்ததைக் கானில் போட்டால் கான் அடைத்து மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். சரிவில் வாழும் நமக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

எப்போது வைத்தியரிடம் போவது?

ஒரு வாரத்துக்கு மேல் மலம் கழிக்காவிட்டால், வயிறு வீங்கி வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், சிறுநீர் கழிக்கும்போது அழுதால், காய்ச்சலோடு அடிக்கடி சிறுநீர் போனால் தாமதிக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கி, பல வாரமாகியும் குறையாவிட்டால் அதையும் காட்டுங்கள். வயிற்றோட்டமானால் ஜீவனியைப் பைக்கற்றில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்; தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிவிழுந்து பிள்ளை சோர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முகாமுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் பூச்சி மருந்து பற்றியும் கேளுங்கள்.

நிறைவாக

அந்த மண்டபத்துக்கு அடுத்த முறை நாம் போனபோது பட்டியலில் பன்னிரண்டு பிளாஸ்டிக் சட்டிகள் இருந்தன. பின்புறத்தில் அப்பாமார் சிலர் சேர்ந்து பலகையும் சாக்கும் வைத்துப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய மறைப்புக் கட்டியிருந்தார்கள். அந்தச் சிறுமி எம்மைக் கண்டதும் தன் சட்டியைத் தூக்கிக் காட்டினாள். அது சிவப்பு நிறம். அதை வேறு எவரும் தொடக் கூடாதாம். வீட்டை இழந்த பிள்ளைக்குத் தனக்கென்று ஓர் இடம் கிடைத்திருந்தது.

குழுவாகக் கூடி யோசிக்க

1. நாம் தங்கியிருக்கும் இடத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே மலசலம் கழிக்கிறார்கள்? அந்த மலம் எங்கே போகிறது?
2. பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய கக்கூஸ் அமைக்க நம்மிடம் உள்ள பலகை, தகரம், சாக்கு, கைகள் எவை? அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது எது?
3. நமது அப்பாயி, அம்மாயிமாரிடம் இருக்கும் நல்ல பழக்கங்கள் எவை? விட வேண்டியவை எவை?
4. பாயை நனைத்த பிள்ளையின் தாய்க்கு இன்றிரவு நாம் என்ன உதவி செய்வோம்?